மலிவாக ஒரு மலை

கோடை விடுமுறை நெருங்கினால் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். ஊட்டியா, கொடைக்கானலா? அறை வாடகை எவ்வளவு, வண்டிக்காரருக்கு எவ்வளவு, பிள்ளைகளின் குதிரைச் சவாரிக்கும் சோளக்கதிருக்கும் எவ்வளவு? சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே முதல் இந்த இரண்டு ஊர்களுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றான பிறகு கணக்கில் இன்னொரு வரி கூடியது. பாஸுக்குக் காசில்லை. ஆனால் மலை நிரம்பி வழிகிறது என்று நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. ஏற்காடு, ஏலகிரி என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டால் செலவும் குறையும். பெங்களூர்க்காரர்களுக்கு நந்தி மலை இருக்கிறது. ஞாயிறு விடியலில் அங்கே சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் சாதாரணமாக யாரும் சேர்க்காத ஊர் கோலார் தங்கவயல். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி. தக்காணப் பீடபூமியின் கிழக்கு ஓரம் அது. அதைத் தாண்டினால் நிலம் சரிந்து ஒரு பக்கம் சித்தூருக்கும் இன்னொரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூருக்கும் இறங்கிவிடும். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் எடுத்துப் போகிறவர் சித்திரையில் ஏமாறுவார். ஆனால் கார்த்திகை, மார்கழியில் காலை ஒன்பது மணி வரை ஊர் போர்வைக்குள் இருக்கும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அதுவே மலைவாசம்தான். நூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்திலிருந்து வந்த சுரங்க அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று இந்த ஊருக்குப் பெயரே விழுந்துவிட்டது.

ஒரு நாளை மெதுவாகக் கழிக்க இங்கே பெரிய செலவில்லை. பெங்களூரில் ஏறி பங்காருபேட்டை வழியாக மாரிக்குப்பத்தில் இறங்கும் சாதாரண ரயிலுக்கு ஆகும் கட்டணத்தில் பெங்களூரின் நல்ல ஓட்டல் ஒன்றில் ஒருவேளை டிபன்கூடச் சாப்பிட முடியாது. நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. வேலை நாளில் போகிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. உட்கார இடம் கிடைக்கும், ஜன்னலோரமே கிடைக்கும். ஏனென்றால் காலை நேரத்தில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்.

அந்த எதிர்த்திசை ரயில்தான் இன்றைய தங்கவயலின் உயிர்நாடி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, ஊரில் இருந்த ஒரே பெரிய வேலை போனது. தங்கம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. அதை வெளியே எடுக்கும் செலவு விற்கும் விலையைவிடக் கூடிவிட்டது, அவ்வளவுதான். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தினமும் ஆயிரக்கணக்கில் விடிவதற்கு முன்பே கிளம்பிப் பெங்களூர் போகிறார்கள்: காவலாளியாக, கடைச் சிப்பந்தியாக, ஆலைத் தொழிலாளியாக, கணினி முன் உட்காருகிறவராக. இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இந்தத் தடத்தில் ஓடவிட்ட ஒரு ரயிலுக்கு ‘ஸ்வர்ணா’ என்று பெயர் வைத்தார்கள். தங்கச் சுரங்கத்தை மூடிய ஊரிலிருந்து கூலிக்கு ஆள் ஏற்றிப்போகும் ரயிலுக்குத் தங்கம் என்று பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும், அல்லது துளியும் இருந்திருக்கக் கூடாது.

பங்காருபேட்டையின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. மைசூரின் ஆணையராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயர். இங்கிருந்து தங்கவயலுக்குப் பிரியும் சுமார் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை 1894இல் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக வரும் நிலையங்களின் பெயர்களில் பாதி ஊர்ப்பெயர், பாதி கம்பெனிப் பெயர். ஜன்னல் வழியே பார்த்தால் முதலில் கேழ்வரகு வயல், தக்காளித் தோட்டம், யூகலிப்டஸ். பிறகு திடீரென்று ஒரு மலை தெரியும். வெளிறிய சாம்பல் நிறம், மேலே சமதளம், பக்கமெல்லாம் மழைநீர் அரித்த கோடுகள். செடி கொடி அரிது. முதன்முறை வருகிறவர்கள் அதைப் பாறைக் குன்று என்று நினைப்பார்கள். அந்த மலைக்குப் பிறகு வரலாம். முதலில் ஊர்.

உரிகத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினால் தங்கவயல் இரண்டு ஊர் என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அகலமான சாலை, இருபுறமும் பெரிய மரங்கள், உள்ளே தள்ளிக் கட்டிய பங்களாக்கள், சிவப்பு ஓடு, நீண்ட தாழ்வாரம். கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயம். 1880இல் சுரங்கங்களை நடத்த வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் அதிகாரிகள் இங்கே டென்னிஸ் ஆடினார்கள், கோல்ஃப் ஆடினார்கள், மாலையில் கிளப்பில் உட்கார்ந்தார்கள். 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வர அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஆனது. காவிரி மின்சாரம் வந்தது அடிப்படையில் சுரங்க இயந்திரங்களுக்காக. பங்களாவுக்கு விளக்கு கிடைத்தது உபரி லாபம். பங்களாக்களில் பல இன்று கதவு ஜன்னல் பறிபோய் நிற்கின்றன. தாழ்வாரத்தில் ஆடு படுத்திருக்கிறது. படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அழகாகத்தான் இருக்கிறது.

சாலையின் அடுத்த சரிவில் இறங்கினால் மற்ற ஊர். வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பு. ‘லயன்’ என்பார்கள், ‘பிளாக்’ என்பார்கள். தொடக்க காலத்தில் மூங்கில் தட்டியும் தகரமுமாக இருந்த ஒற்றை அறைகள். அதற்குள் ஒரு குடும்பம், பல சமயம் ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவுக்காரரும். ஒருகாலத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்த இந்தச் சுரங்கங்களுக்கு ஆள் வந்தது முக்கியமாகப் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும். பெரும்பான்மையோர் தீண்டாமைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து கோலார் மாவட்டத்தைக் கடந்து வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிறது. ஆறு இறங்கிய வழியில் மனிதர்கள் ஏறி வந்தார்கள். ஊரில் பண்ணையாரின் நிலத்தில் கைகட்டி நின்றவருக்கு இங்கே மாதக் கூலி இருந்தது, தோளில் துண்டு போட்டு நடக்கத் தெரு இருந்தது. அதற்கு விலையாகப் பூமிக்குள் இறங்க வேண்டும்.

எவ்வளவு தூரம் என்றால், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும். கூண்டில் ஏறி, இருட்டில் இறங்கி, மறுபடி குனிந்து நடந்து, அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். பாறை தானாக வெடித்துச் சிதறும் அபாயம் எப்போதும் உண்டு. விஞ்ஞானிகளுக்கும் அந்த ஆழம் பயன்பட்டது. மேலிருந்து வரும் மற்ற கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடும் என்பதால், 1965இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகில் அந்த வகையில் முதல் பதிவுகளில் ஒன்று அது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடம்பெற வேண்டிய செய்தி. தங்கவயல் என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இப்படிப்பட்ட வேலைக்கு ஓய்வு எவ்வளவு? 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு, ஒரு கணக்கு வைத்திருந்தது. நிலத்தடியில் 15 நாள் வேலை செய்தால் 1 நாள் சம்பளத்துடன் விடுப்பு. மேலே வேலை செய்கிறவருக்கு 20 நாளுக்கு 1 நாள். வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருடம் முழுக்க இறங்கி ஏறினால் 20 நாள் சேரும். அந்த 20 நாளில்தான் ஊர்த் திருவிழா, தங்கை கல்யாணம், அப்பா சாவு, இடிந்த சுவரைப் பூசுவது எல்லாம். மலைவாசத்துக்கு மிச்சம் எங்கே? அதுவும்கூடச் சும்மா வந்துவிடவில்லை. 1930இல் 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு அதற்குத் தீ மூட்டியது. கைரேகை வாங்குவது குற்றவாளியிடம்தானே, நாங்கள் என்ன திருடர்களா என்ற கோபம். 1946இல் நடந்த நீண்ட போராட்டத்தில் நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளைத் தங்கவயல் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது. விடுமுறை என்ற சொல்லை இந்த ஊரில் கொஞ்சம் மரியாதையோடுதான் உச்சரிக்க வேண்டும்.

கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவையான விஷயம். சாராயக்கடைக்குப் போனார்கள் என்பதே கம்பெனி அதிகாரிகளின் பொதுவான பதில். போகாமலும் இல்லை. ஆனால் படிக்கவும் செய்தார்கள். 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாச பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலை. புதன்கிழமைதோறும் வந்த அந்த இதழுக்குத் தங்கவயலில் ஊக்கமான வாசகர்கள் இருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அந்தக் காலத் தமிழ்நாடு முழுவதும் இருந்ததுதான். இங்கே அது ஒரு இயக்கமானது. பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வேர்விட்டது. அவர் 1914இல் மறைந்தார். சில வருடங்கள் கழித்து நின்றுபோன ‘தமிழன்’ 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது, இந்த முறை தங்கவயலிலிருந்தே. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பாதுகாத்த சித்தார்த்தா புத்தகசாலையும் இந்த மண்ணில் இருந்ததுதான். தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரைக் கண்டுபிடித்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்து குளித்தவர்கள் அவரைப் படித்து முடித்திருந்தார்கள். முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டம் போடுகிறவர்கள் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு மாரிக்குப்பம் போய்வருவது நல்லது. ரயில் கட்டணம் அதிகமில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. அல்லது ஆண்டர்சன்பேட்டை. இரண்டிலும் பெயரில்தான் வெள்ளைக்காரர், கடைத்தெருவில் கேட்பது தமிழ். கன்னடமும் தெலுங்கும் உருதும் நடுநடுவே வந்து கலந்துகொள்ளும். குஸ்காவும் பிரியாணியும் மலிவு. சைவம் வேண்டுகிறவருக்கு மசால் தோசைக்குக் குறைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு வழி இருக்கிறது. பெத்தமங்கலம் பக்கம் பஸ் ஏறலாம். அல்லது வரும்போது பார்த்த மலைக்கு.

பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் சினிமா. 2018இலும் 2022இலும் வந்த ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படங்கள் இந்தியா முழுவதும் ஓடின. அவற்றின் காட்சிகள் சில இந்த வெளிறிய மேடுகளில் எடுக்கப்பட்டவை. படத்தில் வருவது கற்பனைத் தங்கவயல். அடிமைகள், கொடுங்கோலர்கள், எல்லாரையும் காப்பாற்ற வெளியிலிருந்து வரும் ஒரு வீரன். உண்மையான தங்கவயலில் இருந்தவை ஷிப்ட் சங்கு, வருகைப் பதிவேடு, தொழிற்சங்கச் சந்தா. தங்களை யாரும் காப்பாற்ற வருவார்கள் என்று அவர்கள் காத்திருந்ததாக வரலாறு இல்லை. 2024இல் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போனவர்களை மையமாக வைத்தது. மாய மந்திரம் அதிகம் என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் யார் தோண்டினார்கள் என்ற கேள்விக்காவது அது பதில் சொன்னது.

அந்த மலை மலையே இல்லை. பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய தூள். நூறு வருடத்துக்கு மேல் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. உள்ளூரில் சயனைடு மேடு என்பார்கள். அப்படி 13 குவியல்கள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3.3 கோடி டன். தங்கவயல் தன் வாழ்நாளில் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். வகுத்துப் பார்த்தால் 1 கிராம் தங்கத்துக்கு 40 கிலோவுக்கு மேல் தூள். 1 பவுனுக்கு 330 கிலோ. ஐந்து பவுனில் ஒரு சங்கிலி என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். பெண்ணுக்கு நகை போடுகிற தமிழ்க் குடும்பங்கள் செய்கூலி, சேதாரம் பார்ப்பதுண்டு. இந்தச் சேதாரத்தை எந்த நகைக்கடை ரசீதிலும் பார்க்க முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் இங்கே எடுத்த தங்கம் பெரும்பாலும் இங்கிலாந்துக்கே போனது. தங்கம் கப்பலேறியது, தூள் ஊரில் தங்கியது.

மேட்டின் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சயனைடு என்ற பெயரைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடக்கூடியது. சிதையாமல் இருப்பது சிலிக்கா கலந்த நுண்தூள். கண்ணுக்குத் தெரியாத அளவில் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களைக் கொன்ற சிலிக்கோசிஸ் நோய்க்கு அதுவே காரணம். ஆடி மாதக் காற்றில் இந்த மேடுகளிலிருந்து தூசி கிளம்பினால் அடிவாரத்து வீடுகளில் சோற்றுப் பானைக்கு மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஏறி இறங்குகிற சுற்றுலாப் பயணிக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று வாதிடலாம். கீழே துணி காயப்போட்டிருக்கும் பெண்ணுக்கு மணிக்கணக்கு கிடையாது. மேட்டில் செருப்புக் கால் படும் இடமெல்லாம் மேலோட்டு உடைந்து புதுத்தூள் வெளிவருகிறது. கீழே நின்று பார்ப்பதே போதும். மாலை வெயிலில் அந்தச் சரிவுகள் மஞ்சளாகும்போது சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பெத்தமங்கலமே நல்லது. பாலாற்றைத் தடுத்து நிறுத்திய பெரிய ஏரி, தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் போனால் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். நீர் இல்லாத வருடத்தில் ஏரிக்குள்ளேயே கிரிக்கெட் நடக்கும். பக்தி உள்ளவர்களுக்குக் கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது. 108 அடி உயர லிங்கமும் அதைச் சுற்றி வயல்போல் பரவிய சிறு லிங்கங்களும் ஒரு விசித்திரக் காட்சி. பழமையை விரும்புகிறவர் முளபாகல் பக்கம் ஆவணிக்குப் போகலாம். நுளம்பர் காலத்து ராமலிங்கேஸ்வரர் கோயில்களும், லவனும் குசனும் பிறந்ததாக ஊரார் சொல்லும் பாறைக் குன்றும் அங்கே உண்டு. இது உண்மையான குன்று, மூச்சு வாங்க ஏறலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் ஓட்டமும் நடையுமாகப் போய்விடும். ஒன்று போதும்.

தங்கவயலைச் சுற்றுலாத் தலமாக்கப் போகிறோம் என்ற பேச்சு அவ்வப்போது எழும்பும். சுரங்கக் காட்சியகம், பழைய கூண்டில் ஏறி இறங்கும் அனுபவம், பாரம்பரியப் பங்களாவில் தங்கும் வசதி. பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் மூடிய சுரங்கங்களை அப்படி மாற்றியிருக்கிறார்கள். வேல்ஸில் பிளெனாவன் என்ற ஊரின் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பார்வையாளர்களை அழைத்துப்போவது அங்கே முன்பு வேலை பார்த்த தொழிலாளர்களே. இங்கே அப்படி ஒன்று நடக்காததற்குச் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிரம்பியது மட்டும் காரணமல்ல. பாரத் கோல்ட் மைன்ஸ் மத்திய அரசுக்குச் சொந்தம், நிலம் பற்றிய முடிவில் மாநில அரசுக்கும் பங்கு, குடியிருப்புகளில் இன்னும் வாழ்கிற முன்னாள் தொழிலாளர்களுக்கு வீட்டு உரிமை பற்றிய வழக்கும் கவலையும். பங்களாவைப் பழுதுபார்த்து விடுதியாக்குவது சுலபம். பக்கத்து லயன் வீட்டுக்காரருக்குப் பத்திரம் எழுதிக்கொடுப்பதில்தான் கை இழுக்கிறது. முதலாவது முதலில் நடந்தால், ‘குட்டி இங்கிலாந்து’ இன்னொரு முறை திறக்கும், இந்த முறை இணையத்தில் முன்பதிவு செய்கிறவர்களுக்காக.

இதற்கிடையே மேடுகளுக்கும் ஒரு திட்டம் வந்துவிட்டது. அந்தத் தூளில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொன்விலை ஏறஏற அந்தக் கொஞ்சமும் லாபமாகிறது. 13 குவியல்களும் கிடக்கும் சுமார் 1,003 ஏக்கரில் மறுபடி தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தூசியைக் கிளப்பாமல் செய்தால் ஊருக்கு நல்லதுதான், மேடு குறையும். ஆனால் வேலை எத்தனை பேருக்கு என்று ஊர் கேட்கிறது. மேலே கிடக்கும் தூளை அள்ளி இயந்திரத்தில் போட முப்பதாயிரம் பேர் தேவைப்பட மாட்டார்கள். தாத்தா வெட்டிய பாறையில் மிஞ்சிய தங்கத்துக்குப் பேரன் காவல்காரனாக நின்றால்கூட ஆச்சரியமில்லை. அப்போது ஒன்று மட்டும் மிச்சமாகும். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் சாம்பியன் ரீஃப்ஸிலும் மாரிக்குப்பத்திலும் டீக்கடை பெஞ்சுகளில் வயதானவர்கள் வந்து உட்காருவார்கள். மப்ளர், கைத்தடி, சிலருக்கு விடாத இருமல். வெளியூர்க்காரரைக் கண்டால் அவர்களுக்கே தெரிந்துவிடும். என்ன கேட்பார் என்பதும் தெரியும். “தங்கம் இன்னும் இருக்குதா, பெரியவரே?” அடுத்தது, “ஷூட்டிங் எங்கே நடந்தது?” இரண்டுக்கும் அவர்களிடம் மனப்பாடமான பதில் உண்டு. அடியில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள், மேலே வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், இன்னொரு டீ வரும், பக்கத்தில் இருப்பவர் குறுக்கே புகுந்து திருத்துவார். பெங்களூருக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தவறவிட வேண்டியிருக்கும்.